பியானோவுக்குள் எரிந்த பல்பு

வானம் இருட்டிக்கொண்டு வந்தால் உங்களில் சிலருக்குக் கொடியில் கிடக்கும் துணி ஞாபகம் வரும், சிலருக்கு மாடியில் காயும் வடகம். எனக்குச் சுவிட்சு ஞாபகம் வரும். எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்து கிடக்கிறது என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால்தான் உட்கார முடியும். உட்கார்ந்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று இன்னொரு சுற்று. "அத்தை ரோந்துக்குக் கெளம்பிட்டாவ" என்று மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்றுதான் போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பை ஏழாவதில் பாதியோடு விட்டவள் நான். எழுதுவதில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வயசுக்காரர்களுக்கு இது விளங்கும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு விளங்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மழைக்காலம். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. முக்கூடலில் இருந்து அம்மாவும் நானும் வந்து பியானோ டீச்சர் வீட்டுப் பின்கட்டில் இருந்தோம். அம்மாவுக்கு அங்கே சமையல் வேலை. அப்பா ஊரிலேயே அரிசி மில்லில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார், சாப்பிடுவார், குடையை மறந்து வைத்துவிட்டுப் போவார். என்னைப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டது டீச்சர்தான். டீச்சர், அந்த வீடு, அந்தப் பள்ளிக்கூடம் மூன்றும் எனக்கு ஒரே நூலில் கட்டின சாமான் மாதிரி. ஒன்று போனால் மற்றதும் போய்விடும் என்று அந்த வயசிலேயே பயந்துகொண்டிருந்தேன்.

தெருவில் அவர்களைப் 'பொட்டி டீச்சர்' என்பார்கள். அந்தப் பொட்டி எப்படி இருக்கும் என்றால், ஒரு மர பீரோவைக் குட்டையாக்கிச் சுவரோடு சேர்த்து வைத்ததுபோல் இருக்கும். கருஞ்சிவப்பு மரம், கண்ணாடி மாதிரிப் பாலிஷ். முன்பக்கம் மெழுகுவத்தி சொருகப் பித்தளைக் கை இரண்டு. மூடியைத் தூக்கினால் வரிசையாகக் கட்டைகள். வெள்ளை என்று பேர், ஆனால் வயசான பல்லின் நிறம். கீழே காலால் அமுக்கப் பித்தளை மிதி இரண்டு. மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். கம்பளியும் அந்துருண்டையும் பழைய மரமும் சேர்ந்த வாசனை. இப்போதும் எப்போதாவது ஜவுளிக்கடையில் கம்பளி அடுக்கின பக்கம் போனால் எனக்குக் கால் நின்றுவிடும்.

டீச்சர் கதையைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்களிலும், அடுக்களையில் அவர்கள் அம்மாவிடம் பேசினதிலும் இருந்துதான் நான் சேர்த்துவைத்தேன். பிறந்தது பாளையங்கோட்டையில்தான், வேதக்காரக் குடும்பம். சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தர் சின்னப் பிள்ளையில் இவர்கள் விரலைப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்புறம் மெட்ராஸ். அங்கிருந்து கப்பலில் சீமை. ஒரு படத்தில் டீச்சர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பாய்மரம் விரித்த தோணி மாதிரி ஒரு பெரிய கறுப்புப் பியானோ முன்னால் நிற்பார்கள். அந்த ஊர்களில் குளிரில் விரல் விறைத்துப்போகுமாம். கச்சேரிக்கு முன்னால் வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக் கையைச் சுடவைத்துக்கொள்வார்களாம். வாசித்து முடித்துக் கையை எடுத்த பிறகு ஒரு மூச்சு நேரம் அத்தனை பேரும் அசையாமல் இருப்பார்களாம், அப்புறம்தான் கைதட்டு விழுமாம்.

கொழும்பிலும் வாசித்திருக்கிறார்கள். அங்கே கடை வைத்திருந்த நம்ம ஊர் அண்ணாச்சிமார் நம்ம ஊர்ப்பிள்ளை என்று வேட்டியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, எங்கே தட்டணும் என்று தெரியாமல், நடுவில் சத்தம் நின்ற இடத்திலெல்லாம் தட்டினார்களாம். முன்வரிசை திரும்பித் திரும்பி முறைத்ததாம். தனக்கு விழுந்த கைதட்டிலேயே அதுதான் பிடித்தது என்று டீச்சர் சொல்லிச் சிரிப்பார்கள்.

தன் அப்பா படுத்த படுக்கையானதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்கள் என்று தெருவே பெருமையாகச் சொல்லும். அப்பா போன பிறகும் இங்கேயே இருந்து பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். சாயங்காலம் பெண்பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் மட்டும் வாசித்துக் காட்டுவார்கள். இடது கை ஒரு கைக்குட்டையைப் பிடித்தபடி மடியில் இருக்கும். இடது கைக்கு உள்ளதை வாயால் பாடிக் காட்டுவார்கள். அதுதான் சீமைப் பழக்கம் என்று நினைத்து அந்தப் பிள்ளைகளும் மடியில் கைக்குட்டை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிற பிள்ளைகூட, துருத்தி அமுக்குகிற கையில் ஒரு கைக்குட்டை வைத்திருந்தது. என்னத்தைச் சொல்ல.

இப்போது பல்புக்கு வருகிறேன். மழைக்காலம் தொடங்கினதும் டீச்சர் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டு, ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகிச் சுவிட்சைப் போட்டுப் பலகையை மூடினார்கள். ராத்திரி பகல் எரியும். மிதிக்கட்டைச் சந்து வழியாக வெளிச்சம் தரையில் கோடாக விழும். மரத்துக்கு ஈரம் ஏறக்கூடாது, ஏறினால் ஊதிவிடும், அதற்குத்தான் அந்தச் சூடு. இதை இன்றைக்கு நான் எழுதுகிறேன். அன்றைக்கு டீச்சர் அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "இது அணையவே கூடாதும்மா, பாத்துக்கோ."

அணையவே கூடாத விளக்கு என்றால் எங்கள் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான். வேதக்காரர் வீட்டில் விளக்கு ஏது என்று நான் கேட்டேன். கடற்கரைப் பக்கம் மாதா முன்னால் ஏற்றுகிறார்களே, இவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுகிறார்கள் போல, நமக்கென்ன என்றாள். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து மிதிக்கட்டைப் பக்கத்தில் ஒரு செவ்வரளியை வைத்தாள். டீச்சர் பார்த்தார்கள், எடுக்கவில்லை. பாடத்துக்கு வந்த பிள்ளைகள் கமுக்கமாகச் சிரித்தபோது, "மிதிக்காம ஒக்காரு" என்று மட்டும் சொன்னார்கள்.

அம்மா வேலை ஒழிந்த நேரம் பீடி சுற்றுவாள். முக்கூடல்காரிக்குக் கை சும்மா இருக்காது. சுளவு என்கிற முறத்தை மடியில் வைத்து, வெட்டின இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை விரலால் மடக்கி, நூலைச் சுற்றி எறிவாள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். டீச்சர் அடுக்களைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள், எனக்கும் குடு என்று வாங்கிச் சுற்றிப் பார்த்தார்கள். உருட்டுகிற வரைக்கும் சரி. நுனியை மடக்கும்போது இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் போய்ச் சுருண்டுகொண்டன. தூள் எல்லாம் சேலையில்.

அம்மா சிரித்துக்கொண்டே, "டீச்சர், ஒங்க மோதிர வெரலு சொன்னபடி கேக்க மாட்டேங்கு" என்றாள்.

டீச்சரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எழுந்து போனவர்கள் அப்புறம் கொஞ்ச நாள் அடுக்களைப் பக்கமே வரவில்லை. நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று அம்மா புலம்பினாள். பீடி சுற்றுகிற வேலையைப் போய் அவர்களிடம் கொடுத்தோமே, மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும் என்று நினைத்தாள். இலைக்கட்டைச் சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் கச்சேரி ஏற்பாடு. டீச்சருடைய அண்ணன் வக்கீல். சீமையெல்லாம் வாசித்த தங்கச்சி பிறந்த ஊரில் ஒரு தடவைகூட வாசிக்கவில்லையே என்று அவருக்குக் குறை. மெட்ராசில் இருக்கிற பெரிய ஆட்களுக்குச் சொல்லிவிட்டார், கலெக்டர் ஆபீஸ்காரர்களுக்குச் சொல்லிவிட்டார், எல்லாருக்கும் சொன்ன பிறகுதான் தங்கச்சியிடம் சொன்னார். டீச்சர் எவ்வளவோ மறுத்தார்கள். பிறகு பார்க்கலாம் என்றார்கள், மழை முடியட்டும் என்றார்கள். "ஒன் பேரு மட்டுமில்ல, நம்ம அப்பா பேரும் இதுல இருக்கு" என்றார் அண்ணன். வீட்டுக் கூடத்திலேயே, இந்தப் பியானோவிலேயே என்று முடிவாயிற்று. கச்சேரி முடிகிற வரைக்கும் பாடம் கிடையாது, தான் பழக வேண்டும் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் எங்கள் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், முக்கூடலில் இறந்துபோனார். துட்டி வீட்டுக்குப் போய் ஆற்றில் முங்கிவிட்டு, ஈரச்சேலை காயக்காய பஸ்ஸில் திரும்பி வந்தோம். பதினாறு வரைக்கும் எங்களுக்குத் தீட்டு. நம் பக்கத்தில் அந்த நாட்களில் சாமி விளக்கு ஏற்ற மாட்டோம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு உடனே கூடத்து விளக்கின் கவலை பிடித்துக்கொண்டது. தீட்டுக்காரி நடமாடுகிற வீட்டில் அணையா விளக்கு எரியலாமா? கச்சேரி வேறு வருகிறது, டீச்சருக்கு ஏதாவது தோஷம் வந்துவிட்டால்? டீச்சரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் பீடி விஷயத்தில் இருந்து அம்மாவுக்கு அவர்களிடம் வாய் திறக்கவே பயம்.

தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள், நானும் கூடப் போயிருந்தேன். அவர் கரியை ஊதிக்கொண்டே யோசித்தார்.

"அவுக வேதக்காரங்க அண்ணாச்சி, அவுகளுக்குத் தீட்டு கெடையாதுல்லா" என்றாள் அம்மா.

"அவுகளுக்குக் கெடையாது. அது வெளக்குக்குத் தெரியுமா?" என்றார் அவர். "பைய அமத்திரு. ஆனா கையால தொட்டுராத."

அம்மா அகப்பைக் காம்பால் சுவிட்சைத் தட்டினாள். தட்டும்போது கண்ணை மூடி, "பதினாறு கழிச்சு ஏத்திருதேன்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். தரையில் இருந்த வெளிச்சக் கோடு போய்விட்டது.

அந்த நாட்களில் அடைமழை. சுவரெல்லாம் வியர்த்தது, உப்புச் சாடியில் தண்ணீர் நின்றது. டீச்சர் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள், ஆனால் வாசிக்கிற சத்தம் வரவே வராது. அம்மாவுக்கு அதை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாட்டி, நம்ம துட்டிக்காக அவுக வாசிக்காம இருக்காவ" என்றாள். நானும் அப்படியே நம்பினேன்.

கச்சேரி நாள் பதினாறுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. சாயங்காலம், தூறல். கூடம் நிறைய நாற்காலி. ஈரக் குடைகள் வராந்தாவில் வௌவால் மாதிரித் தொங்கின. பவுடர் வாசனையும் ஈரத் துணி வாசனையுமாக இருந்தது. டீச்சர் அந்தப் படத்தில் இருக்கிற பட்டுச்சேலையைக் கட்டியிருந்தார்கள். வந்து உட்கார்ந்தார்கள். கைக்குட்டையை மடியில் வைத்தார்கள். நான் அடுக்களை வாசலில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வலது கையால் அமுக்கினார்கள். நாலைந்து சத்தம் வந்தது. அப்புறம் ஒரு கட்டை கீழே போனது, மேலே வரவில்லை. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் இரண்டு. பல் விழுந்த வாய் மாதிரி நடுவில் பள்ளமாக நின்றது. டீச்சர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு மூச்சு நேரம் யாரும் அசையவில்லை. கைதட்டுக்கு முந்தி இருக்கும் என்றார்களே, அதே மாதிரி அமைதி. எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

அண்ணன் வந்து கீழ்ப்பலகையைக் கழற்றினார். உள்ளே இருட்டு. யார் அணைத்தது என்று கேட்டார், சத்தம் போடாமல்தான் கேட்டார். அம்மா காப்பித் தட்டைக் கையில் வைத்தபடியே முன்னால் வந்தாள்.

"நாந்தான்யா. எங்க வீட்டுல தீட்டு. தீட்டுல வெளக்கு எரியக்கூடாதுன்னு அமத்துனேன்."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. பொல்லாத சிரிப்பு இல்லை, மழையில் வந்தவர்கள் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து, வாசிக்க முடியாமல் போனதற்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, காப்பி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்போது டீச்சர் முகம் எப்படி இருந்தது என்று இத்தனை வருஷமாக ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். கண்ணுக்குள் பட்டுச்சேலைதான் வருகிறது, முகம் வரமாட்டேன் என்கிறது.

அண்ணன் அம்மாவை நிறுத்தச் சொல்லிவிட்டார். சொல்லாவிட்டாலும் அம்மா இருந்திருக்க மாட்டாள். மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியும் பீடி இலைச் சாக்குமாகக் கிளம்பினோம். டீச்சர் கேட் வரைக்கும் வந்தார்கள். அம்மா கும்பிட்டாள். கும்பிட்ட கையை டீச்சர் தன் இடது கையால் பிடித்துக்கொண்டார்கள். வலது கையில் குடை இருந்தது.

"ஒன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார்கள். இரண்டு தடவை சொன்னார்கள். மூன்றாவதாக ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், பால்காரர் மணி அடித்துக்கொண்டு வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

பஸ் சேரன்மாதேவி தாண்டினதும் அம்மா சொன்னாள். "வாய்தான் தப்பு இல்லங்கு. கையப் பாத்தியா? வெரல உள்ள மடக்கி இறுக்கிட்டு இருக்காவ. கோவத்த அடக்குதாவட்டி."

எனக்குப் பள்ளிக்கூடம் அத்தோடு சரி. முக்கூடலில் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சுளவைப் போட்டு உட்கார்ந்தேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அம்மாதான் மாறிப்போனாள். அதற்கப்புறம் அவள் கையால் ஒரு விளக்கை ஏற்றவும் மாட்டாள், அணைக்கவும் மாட்டாள். கார்த்திகைக்குக்கூட நான்தான். வீட்டுக்குக் கரண்டு வந்த பிறகு இருட்டில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பாள். "ஒரு மனுசி பேரையே அமத்துன கை" என்பாள். சாகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், பாளையங்கோட்டைக்கு. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு அம்மா நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். தாளம் மாதிரி இல்லை, ஒவ்வொரு விரலாக. பொட்டி டீச்சரிடம் படித்தவரா என்று கண்ணைத் திறக்காமலேயே கேட்டுவிட்டேன். எப்படித்தான் கேட்டேனோ. ஆமாம், டீச்சரின் கடைசிக் காலத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான் என்றார். அந்த வீட்டில் சமைத்தவளின் மகள் நான் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொன்னார். டீச்சருக்குச் சீமையிலேயே, ஒரு கச்சேரி நடுவில், இடது கையின் கடைசி இரண்டு விரலும் மடங்கிக்கொண்டனவாம். எத்தனையோ டாக்டர்கள் பார்த்தும் அது திரும்பவில்லை. முதலில் வாசிக்கப் போனால் மட்டும் சுருண்டதாம், பிறகு எதையாவது பிடித்தால்கூடச் சுருண்டுவிடுமாம். அதனால்தான் ஊருக்கே வந்தார்கள். அப்பாவின் படுக்கை ஒரு காரணமாக அமைந்தது. அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அந்தக் கச்சேரியில் வாசித்திருந்தால் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். பல்பு அணைந்தது, அம்மா அணைத்த அன்று சாயங்காலமே டீச்சருக்குத் தெரியுமாம். மிதியில் கால் வைத்தால் காலில் வெளிச்சம் விழ வேண்டும், விழவில்லை. தனக்கு ஒரு வழி திறந்தது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு மரம் ஊதுவதற்காகக் காத்திருந்தார்களாம்.

"அந்தப் பொம்பளைய நெனச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குன்னு சொல்லுவாங்க" என்றார் அந்த அம்மா. முக்கூடலுக்கு ஒரு தடவை கார் எடுத்து, சேரன்மாதேவி வரை வந்து திரும்பிவிட்டார்களாம்.

என் கண்ணில் மருந்தா, வேறா என்று தெரியவில்லை, வழிந்துகொண்டே இருந்தது. நர்ஸ் வந்து திட்டினாள்.

அன்றையில் இருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தால், அரளிப்பூவை எடுக்காத டீச்சர் முன்னால் வந்து நிற்கிறார்கள். பாவம் என்று பார்த்தால், இருட்டில் எனக்காகக் காத்திருந்த அம்மா. அம்மா படத்துக்கு முன்னால் ஒரு சின்ன பல்பு எரிகிறது, மகன் மாட்டினது. அதன் முன்னால் போய் நிற்கிறேன். உன் மேல் தப்பில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்றால், கூடமே உன்னைப் பார்த்துச் சிரித்தபோது டீச்சர் எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்த டீச்சர் மேல் அவ்வளவு பிரியம். எதைக் கொடுத்து எதை எடுப்பது? போட்டோவிடம் சொல்வதற்கே எனக்கு இத்தனை யோசனை.

நேற்றும் மழை. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய் அம்மா முன்னால் நின்றேன். ஒன்றை மட்டும் சொன்னேன், மருமகள் காதில் விழாமல்.

அது கோபம் இல்லம்மா. அவுகளுக்கு அந்தக் கை அவ்வளவுதான் விரியும்.